செம்பனை மட்டையும் எட்டுப் புள்ளிகளும்

4 மார்ச் 2024, திங்கள்

காலையிலேயே ஆலை நாற்றம். அம்மா ஜன்னலை அடைத்துவிட்டு ஊதுபத்தி ஏற்றினாள். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். மெர்பாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வாடை பழகியிருக்க வேண்டும். சிரம்பானில் சில வருஷம் அறை எடுத்துத் தங்கியதில் மூக்கு கெட்டுப்போய்விட்டது போல.

மத்தியானம் என் மேலதிகாரி புவான் ரோஸ்னா கூப்பிட்டார். கோலா மீன் கணக்கெடுப்பு எனக்குத்தான். எங்கள் தோட்டத்து ஆறு கடலில் விழும் இடத்தைத்தான் இங்கே கோலா என்போம். அங்கே மீன் அற்றுப்போய்விட்டது, மழைக்கு மழை செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளம் ஆற்றில் வழிவதுதான் காரணம் என்று ஜெட்டிப் படகுத்துறை மீனவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஆலைக்காரர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் எங்கள் ஆராய்ச்சி நிலையம் அங்கே ஒரு கணக்கெடுப்பு செய்து வைத்திருக்கிறது. இப்போது அதே முறையில் இன்னொன்று. மீன் பாதிக்கு மேல் குறைந்திருந்தால், ஆலை புதுக் குளம் வெட்டும் வரை ஒரு சொட்டு ஆற்றில் விடக்கூடாது. குறையவில்லை என்றால் மனு அதோடு முடிந்தது. இடையில் ஒன்றும் கிடையாது.

எட்டுப் புள்ளிகள், மூன்று சுற்று. புள்ளிகளைக் கணினி குலுக்கிப் போட்டிருக்கிறது. நல்ல இடம், கெட்ட இடம் என்று பார்க்கக் கூடாது. அது சொன்ன இடத்தில் வலையை இறக்க வேண்டும். நிலையத்துக்குச் சொந்தப் படகு இல்லை. மனுவில் கையெழுத்துப் போடாத மீனவர் யாராவது படகு தருவாரா என்று தேடினார்களாம். ஜெட்டியில் அப்படி ஒருவர்கூட இல்லை.

அம்மா கேட்டாள், "மீனு நெறைய கெடைச்சா ஒன்ன பெர்மனன் ஆக்கிடுவாங்களா?"

"ராணி ஆக்குவாங்கம்மா. கிரீடம் வாங்கி வை."

என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

7 மார்ச், வியாழன்

முதல் நாள். மூன்று தடவை வாந்தி. கடல் ஆராய்ச்சி படித்தவளாம் நான்! கல்லூரியில் போன கப்பலெல்லாம் பெரிசு. இது கட்டுமரத்துக்கு எஞ்சின் மாட்டின மாதிரி ஒரு படகு. டீசல் புகை நேராக முகத்துக்கே வருகிறது.

படகுக்குச் சொந்தக்காரர் முனியாண்டி. எல்லோரும் தேக்கோங் என்கிறார்கள், படகை ஓட்டுகிறவருக்கு இங்கே அதுதான் பேர். அறுபது இருக்கும். தோட்டத்துப் பிள்ளைதான் இவரும். செண்டாயான் பக்கம் இருந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது ஊரை விட்டு வந்து, சீனத் தவுக்கே ஒருவரிடம் கூலிக்கு வலை இழுத்து, பிறகு சொந்தப் படகு. அதிகம் பேசுவதில்லை. நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரியாதைக்கே கும்பிடலாம்.

வலை இழுக்க அஸாருதீன். தம்பின் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். கடைக்குள் மூச்சு முட்டுகிறது என்று கடலுக்கு வந்துவிட்டானாம். வாயை மூடுவதே இல்லை. "கா, மீனுக்குச் சாப்பாடு போட்டது போதும், கொஞ்சம் உங்களுக்கும் வச்சுக்குங்க" என்றான். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

நான்கு புள்ளிகள் முடித்தோம். முதல் வலையில் இரண்டு கெளுத்தி. அடுத்ததில் கைப்பிடி அளவு கெலாமா மீன். மூன்றாவதில் ஒன்றுமில்லை, ஒரு சிலிப்பரைத் தவிர. நான்காவது வலையும் காலியாக வந்தது. பழைய கணக்கெடுப்பில் இதே இடங்களில் கூடை கூடையாக எழுதியிருக்கிறார்கள்.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். தேக்கோங் பக்கத்தில் வந்து நின்றார்.

"மா, கொஞ்சம் தெக்கால போனா ஒரு எடம் இருக்கு. அங்க போட்டா வரும்."

"வேணாம் அங்கிள். சொன்ன இடத்திலதான் போடணும்."

"வெறும் வலையாவே இருக்கே."

"இருக்கட்டும். காலியா இருந்தா காலின்னு எழுதணும். அதுவும் கணக்குதான்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

8 மார்ச், வெள்ளி

படுக்கையில் படுத்தாலும் கட்டில் ஆடுகிறது.

13 மார்ச், புதன்

மீதி நான்கு புள்ளிகள். நேற்று நோன்பு தொடங்கிவிட்டது. அம்மா எனக்குப் புளிச்சோறும் சம்பலும் கட்டினாள். தேக்கோங்குக்குத் தனியாக ஒரு பொட்டலம். அஸாருதீன் நோன்பு திறக்க என்று இன்னொன்று. நான் வேலைக்குப் போகிறேனா, கல்யாணத்துக்குப் பந்தி போடப் போகிறேனா?

இன்றைக்கும் அப்படித்தான். ஒரே ஒரு வலையில் கொஞ்சம் பெலானாக் மீன். மற்றது எல்லாம் வெறும் சேறு, கருப்பாக, ஆலை வாடையோடு. மோந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். சேற்றைக் கணக்கில் எழுத இடமில்லை.

திரும்பும்போது தேக்கோங் எதிரே உட்கார்ந்து அம்மாவின் சோற்றைச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, "இதே எட்டு எடந்தானா அடுத்த தடவையும்?" என்று கேட்டார்.

"அதேதான் அங்கிள். ஏப்ரல்ல ஒரு தடவை, மே மாசத்தில ஒரு தடவை."

"மாறாது?"

"மாறாது."

தலையை ஆட்டிக்கொண்டு மீதியைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை வைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னதும் அப்படி ஒரு சந்தோஷம். "நல்ல மனுசன். நம்பர் குடு, நான் பேசறேன்" என்றாள். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

24 மார்ச், ஞாயிறு

அம்மாவும் தேக்கோங் வீட்டு அக்காவும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இவர்களுக்கு என்ன பேச இருக்கிறது?

வீட்டுக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடந்த செம்பனை மட்டையைக் காணோம். பாம்பு அடையும் என்று எத்தனை மாதமாகக் கத்தியிருப்பேன்! பக்கத்து வீட்டு ஹேமநாதன் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். எதற்கு என்றால், "எவனோ ஆடு வளக்கறவன் கேட்டான்" என்கிறாள் அம்மா. போனது போகட்டும், பின்கட்டு வெளிச்சமாகிவிட்டது.

15 ஏப்ரல், திங்கள்

நம்பவே முடியவில்லை. முதல் வலையே கனத்தது. அஸாருதீன் இழுக்க முடியாமல் "அலாமாக்!" என்று கத்தினான். செலார், கெம்போங், சின்னதாக இரண்டு தெங்கிரிகூட. அளந்து முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. அடுத்த மூன்றும் அப்படியே. வாந்தி எடுக்க நேரமே கிடைக்கவில்லை.

தேக்கோங் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். முன்பல் ஒன்று இல்லை அவருக்கு.

"பாத்தியாமா, கோலா இன்னும் சாகல."

ஒரு வலையில் ஓலைத் துணுக்குகள் சிக்கியிருந்தன. ஆற்றில் அடித்துக்கொண்டு வந்திருக்கும்.

16 ஏப்ரல், செவ்வாய்

இன்றும் நிறைந்த வலை. ஏன்? போன மாதம் நீரோட்டம் சரியில்லையோ? காற்று மாறிவிட்டதா? இல்லை, ஆலை கொஞ்ச நாளாகக் குளத்தைத் திறக்கவில்லையோ. மூன்று காரணம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட எனக்கே பிடிக்கவில்லை.

21 மே, செவ்வாய்

மூன்றாவது சுற்றும் முடிந்தது. நேற்றும் இன்றும் மறுபடி மீன், மீன், மீன். புவான் ரோஸ்னா போனில், முதல் சுற்றுதான் ஒட்டாமல் நிற்கிறது, மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்துகிறது என்றார். எனக்கு ஒரு வருஷம் நீட்டிக்க எழுதப்போவதாகவும் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

எனக்குத்தான் உள்ளே ஏதோ இடிக்கிறது. ஜெட்டியில் இறங்கும்போது மற்றப் படகுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெறும் ஐஸ் பெட்டி. தேக்கோங்கின் சொந்த வலையில் நேற்று முன்தினம் என்ன வந்தது என்று அஸாருதீனைக் கேட்டேன். "என்னா வரும் கா? ஒரு சட்டி கொழம்புக்கு வந்துச்சு" என்றான். வழக்கமாகச் சேர்க்கும் கேலியை இன்றைக்குச் சேர்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

அதே கடல்தானே? எங்கள் புள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தானே அவர்கள் வலை போடுகிறார்கள்?

10 ஜூன், திங்கள்

அறிக்கையை அனுப்பிவிட்டேன். மூன்று சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் பழைய கணக்கை விடக் கொஞ்சம்தான் குறைவு. பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எண் பொய் சொல்லாது என்று படித்தேன். என் கையால் அளந்த மீன், ஒவ்வொன்றும். நான் என்ன செய்ய?

15 ஜூலை, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் கூட்டம். ஒரு பக்கம் ஆலையின் ஆட்கள், மறுபக்கம் மீனவர்கள். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தேக்கோங் பட்டுக்கரை வேட்டிதான் கட்டவில்லை, அப்படி வந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், சொந்தப் பிள்ளையை மேடையில் பார்ப்பது போல.

புவான் ரோஸ்னா பேசினார், நான் படங்களைத் திரையில் போட்டேன். பழைய கோடு, புதுக் கோடு. மீன் குறிப்பிடும்படி குறையவில்லை என்று அவர் சொன்னதும் ஆலை அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கிழவர் எழுந்து மலாயில் கத்தினார்: படத்தில் காட்டுகிறீர்கள், என் வலையில் வந்து காட்டுங்கள்! அவரை உட்காரச் சொன்னார்கள். மனு தள்ளுபடி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தேக்கோங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தார்.

வெளியே என் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஷாமினி, மீனு இருக்குன்னு காட்டினா கோலாவ காப்பாத்த மாட்டாங்களா?"

"இல்ல அங்கிள். இருக்குன்னா ஆலையால ஒண்ணும் கெடலன்னு அர்த்தம். அது இப்படியே ஓடலாம்."

என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அந்த எட்டு எடத்துலயும் நான் உஞ்சாம் போட்டிருந்தேன்மா."

உஞ்சாம். ஓலையையோ மட்டையையோ கயிற்றில் கட்டிக் கல்லோடு கடலில் இறக்கிவிடுவது. கொஞ்ச நாளில் பாசி பிடிக்கும், நிழல் விழும், சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருப்பதெல்லாம் அங்கே வந்து கூடிவிடும். எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன்!

ஏன் என்று கேட்டேன். கத்தினேனா, மெதுவாகக் கேட்டேனா, தெரியவில்லை.

"எங்க ரப்பர் தோட்டத்த ஏன் வித்தாங்க தெரியுமா? பாலு கம்மியாயிடுச்சுன்னு. கணக்கு கிராணி எழுதிக்கிட்டே இருந்தாரு, இந்த நெரையில பால் இல்ல, அந்த நெரையில பால் இல்லன்னு. கடைசியில, ஒண்ணுமில்லாத நெலத்த வச்சி என்னா செய்யறதுன்னு வித்துட்டாங்க. நாங்க குடியிருந்த லயத்து எடத்துல இப்ப பெட்ரோல் ஸ்டேசன் நிக்குது. கோலாவிலயும் ஒண்ணுமில்லன்னு நீ எழுதிட்டா, சரி, மண்ண கொட்டி மூடுன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். ஒனக்கும் வேல போயிடும்னாங்க. அதுல நான் ஒரு மீனு தொடலமா. வலைய எடுத்துக்கிட்டு அந்த பக்கமே போகல. ஒனக்குன்னுதான் விட்டு வச்சிருந்தேன்."

"வேலை போயிடும்னு யார் சொன்னது?"

குனிந்து செருப்பு வாரை இழுத்து விட்டார். சொல்லத் தேவையும் இல்லை. மட்டை. ஹேமநாதன் லோரி. ஆடு வளக்கறவன்!

16 ஜூலை, செவ்வாய்

அம்மாவோடு சண்டை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஆமா, நாந்தான் குடுத்தேன். அவரு போன்ல கேட்டாரு, ஓல கெடைக்குமான்னு. தென்ன ஓல எங்க இருக்கு, செம்பனதான் இருக்குன்னேன். என்னா தப்பு? நான் பால் மரம் வெட்டுன காலத்துல வாளி கொறைஞ்சா மண்டோர் அடுத்த நாளே நிறுத்திடுவாரு. ஒன் வல வெறுசா வந்தா சும்மா வுட்டுருவாங்களா?"

"வெறுசா வரணும்மா! வெறுசா வந்தாத்தாம்மா அவங்க பொழைப்பாங்க! அது ஒனக்கு ஏன் புரியல? யார் ஒன்ன கேட்டா? என் வேலைல ஏன் கைய வைக்கிற?"

அவள் அப்படியே நின்றாள். கையில் கரண்டி. "வெறும் வாளிய தூக்கிக்கிட்டு வந்து நின்னவளுக்கு யாரு நல்லது செஞ்சாங்க, நீயே சொல்லு" என்றாள். அது எனக்குச் சொன்னதோ, யாருக்குச் சொன்னதோ.

நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

17 ஜூலை, புதன்

சொன்னால் என்ன ஆகும்? கணக்கெடுப்பே செல்லாது. மீனவர்களே ஏமாற்றினார்கள் என்பார்கள். தங்களுக்கு எதிராகவே ஒருவன் ஏமாற்றுவானா என்று யார் யோசிப்பார்கள்? என் நீட்டிப்பு போகும்.

சொல்லாவிட்டால்? என் பேர் போட்ட அறிக்கை, கோலாவில் மீன் இருக்கிறது என்று இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து எவன் மனுக் கொடுத்தாலும் அதை எடுத்து முகத்தில் வீசுவார்கள்.

எட்டு வலை காலியாக வருவதைப் பார்க்க மனசில்லாத மனுஷன். அவரைத் திட்டவும் முடியவில்லை. என்ன எழவு இது!

18 ஜூலை, வியாழன்

மழை. ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் காப்பி நிறம், மேலே நுரை. இதே தண்ணீர்தான் கோலாவுக்குப் போகிறது.

19 ஜூலை, வெள்ளி

ஜெட்டிக்குப் போனேன். தேக்கோங் படகில் தனியாக வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், ஆனால் உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன்.

ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார், "சொல்லு. செஞ்சது நாந்தானே. அம்மா பேர மட்டும் சொல்லாத."

அவ்வளவுதான். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

22 ஜூலை, திங்கள்

சொல்லிவிட்டேன்.

புவான் ரோஸ்னா நான் முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. நல்லவர்தான். நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரியவே வந்திருக்காது என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தோட்டத்தில் எங்கும் கிடக்கும் என்றேன். பொய் இல்லை.

முதல் சுற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே, அது சுத்தம் என்றேன். ஒரு சுற்றை வைத்து யாரும் ஏற்கமாட்டார்கள், அதுவும் அதே படகில் எடுத்தது என்றார். மறுபடி முழுதாக எடுக்க மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.



16 ஆகஸ்ட், வெள்ளி

மறு கணக்கெடுப்பு இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அதுவரை ஆலை தன் செலவில் ஆள் வைத்து எடுத்த ஆய்வைத்தான் பார்ப்பார்களாம். அதில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவா?

கூட்டக் குறிப்பில், மனுதாரர் தரப்பே குறுக்கிட்டதால் கணக்கெடுப்பு கைவிடப்பட்டது என்று ஒரு வரி. உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

30 ஆகஸ்ட், வெள்ளி

கடைசி நாள். நீட்டிப்பு இல்லை. பூட்சை நிலையத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

12 செப்டம்பர், வியாழன்

அஸாருதீனைத் தம்பின் பாஸாரில் பார்த்தேன். குடும்பக் கடைக்கே திரும்பிவிட்டான். தோளில் துண்டு, கையில் தே தாரிக் டீக் குவளை.

"மூச்சு முட்டலையா?" என்றேன்.

"முட்டுது கா. ஆனா அங்க இன்னும் மோசம். தேக்கோங்கிட்ட ஒருத்தனும் பேசறதில்ல. ஐஸ்கூட அவருக்குக் கடைசியாத்தான் குடுக்கறான். இவ்வளவு மீன கூட்டி வச்சிக்கிட்டு எங்களுக்குச் சொல்லலயே, எங்க பொழப்பையும் கெடுத்துட்டியேன்னு கேக்கறாங்க. அவரு வாயே தொறக்கறதில்லலா."

உனக்கும் அப்போதே தெரியும்தானே என்று கேட்டேன். துண்டால் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"கல்லு கட்டிக் குடுத்ததே நாந்தான் கா. அக்காவுக்கு நல்லதுன்னாரு."

தே தாரிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

7 அக்டோபர், திங்கள்

தம்பினில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை. பேர், ஐசி அட்டை நம்பர், என்ன நோவு? இதைக் கேட்கத்தான் அத்தனை வருஷம் படித்தேன். பரவாயில்லை, தரை ஆடவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அம்மா முறுக்கு சுட்டாள். நானும் அவளும் இப்போது பேசிக்கொள்கிறோம், சண்டை என்று ஒன்று நடக்காத மாதிரி.

மத்தியானம் தேக்கோங் வந்தார். நீலச் சட்டை, தோளில் பட்டை, கையில் டார்ச் லைட். எனக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. படகைக் கரையேற்றிவிட்டாராம். ஹேமநாதன் சொல்லி, போன வாரம் ஆலையில் ஜாகா வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கழிவுக் குளத்துப் பக்கம் காவல். இன்றைக்கும் லீவு இல்லை.

ஆலையில்! அந்த ஆலையில்!

அம்மா இலை போட்டு ஆட்டிறைச்சி பரிமாறினாள். சம்பலைப் பக்கத்தில் வைத்தாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். நான் ஜன்னலை அடைக்கப் போனேன், வாடை தாங்கவில்லை.

"வுடுமா, தொறந்தே இருக்கட்டும்" என்றார். "மூக்கு பழகிடும்னு சொல்றாங்க. எனக்குத்தான் இன்னும் பழகல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

29 நவம்பர், வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. விடிந்ததும் தேக்கோங்கிடமிருந்து போன். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"ஷாமினி, குளம் கரையத் தாண்டிடுச்சு. கருப்பா ஆத்துல ஊத்துது. எங்கிட்ட பாட்டில் இருக்கு. எங்க அள்ளணும், சொல்லு. நீ சொல்ற எடத்துல மட்டும்தான் அள்ளுவேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். என்ன அங்கிள் இது, வேலை போயிடும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எந்த எடம்னு சொல்லு."

சொன்னேன். ஆற்றில் விழுகிற இடத்தில் ஒன்று. அதற்கு மேலே, குளத்துத் தண்ணீர் கலக்காத இடத்தில் இன்னொன்று. பாட்டிலை முதலில் அதே தண்ணீரில் அலசிவிட்டு, கை முழங்கை வரை போகிற ஆழத்தில்.

"மேல எதுக்குமா? அங்க நல்ல தண்ணியா இருக்கே."

"அதையும் எடுக்கணும் அங்கிள். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது."

"சரி" என்றார். "பாக்கல."

வேலை முடிந்து நேராக வந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். இரண்டு பாட்டில். ஒன்று வெளிறிய மஞ்சள், இன்னொன்று அம்மா போடும் கட்டங்காப்பி. எது எந்த இடம் என்று தெரிய ஒன்றின் கழுத்தில் வலைநூல் கட்டியிருந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் ஐஸ்பெட்டியில் சம்பலைத் தள்ளி இடம் பண்ணினாள். புவான் ரோஸ்னாவைக் கூப்பிட்டேன். யார் எடுத்தது, எந்த அனுமதியில் என்று கேட்டார். இதை வாங்க முடியாது ஷாமினி, உனக்கே தெரியும் என்றார். எனக்குத் தெரியும்தான்.

தேக்கோங் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "எந்த ஆபீசுக்குக் குடுக்கணும்?" என்றார்.

"இப்போதைக்கு எங்கயும் வாங்க மாட்டாங்க அங்கிள்."

அம்மா தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தார். போகும்போது வாசலில் நின்று, "காலிப் பாட்டில் ரெண்டு இருந்தா குடு, நாளைக்கும் மழைதான்" என்றார். கிளினிக்கிலிருந்து கொண்டு வந்திருந்த இரண்டு பாட்டில் இருந்தது. கொடுத்தேன்.